காலி என்று நம்பிய இடம்

செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கூரியர்காரர் ஓர் அட்டைக் குழாயைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். மூன்றடி நீளம் இருக்கும். இரண்டு முனையிலும் பழுப்பு டேப். ஓரத்தில் உம் கையெழுத்தில் என் பெயர். அனுப்பியது உம் மகள். நீர் போய் அன்றோடு நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. டேப்பைக் கிழித்ததும் வரைபடம் அச்சடிக்கும் மையின் வாடை எழுந்தது. உம்முடைய இரண்டாம் மாடி அறையில் நான் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிற்பகல்களின் வாடை அது. உள்ளே சுருட்டியிருந்த தாளை விரிக்க மேசை போதவில்லை. கட்டிலில் விரித்தேன். நம் பால்வீதியின் ஒரு பட்டை, ஆரஞ்சும் கறுப்புமாக, தலையணையிலிருந்து கால்மாடு வரை படுத்துக் கிடந்தது.

முப்பத்தெட்டு ஆண்டு செய்தி எழுதியவன் நான். முக்கியமானதை முதலில் சொல் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் கற்றுத்தருவது. சொல்லிவிடுகிறேன். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் உம் ஆய்வைப் பற்றி நான் எழுதிய செய்தியின் கடைசிப் பத்தியைச் சென்னை டெஸ்க், அதாவது செய்தியைச் சுருக்கிப் பக்கத்தில் அமைக்கும் உதவி ஆசிரியர்கள், வெட்டிவிட்டது என்று உம்மிடம் சொன்னேன். வெட்டியது டெஸ்க்தான். வெட்டுவார்கள் என்று தெரிந்தே, வெட்ட வேண்டும் என்றே, அதைக் கடைசியில் வைத்தவன் நான். இதை நீர் உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நாம் அறிமுகமானது தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், பொங்கலுக்கு முந்தின வாரம். நம்மூர்ச் சாமான் விற்கும் கடையில் சிறுகிழங்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு அலுவலகத்திலிருந்து நேரே போயிருந்தேன். மிச்சம் இருந்தது இரண்டு கிலோ. அதன்மேல் ஏற்கெனவே ஒரு கை இருந்தது. உம்முடைய கை. கடைக்காரர் பஞ்சாபி. நம் இருவரையும் பார்த்து, இந்த மண்ணுருண்டைக்கு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்று இந்தியில் தன் ஆளிடம் சொன்னார். ஆளுக்கு ஒரு கிலோ என்று முடிவானது. நான் அம்பாசமுத்திரம் என்றேன், நீர் கடையம் என்றீர். என்ன வேலை என்று கேட்டீர். பத்திரிகை என்றதும், “அப்பம் நான் கெழங்க வாங்கிட்டுத் தள்ளி நின்னுக்கிடுதேன்” என்றீர், ஆனால் தள்ளி நிற்கவில்லை. நீர் என்ன செய்கிறீர் என்று நான் கேட்டேன். “மேகம் எண்ணுதேன்” என்றீர். வானிலைத் துறை என்று நினைத்துக்கொண்டு, இந்த ஆண்டு தில்லியில் பனி மூட்டம் எப்போது விலகும் என்று கேட்டேன். மார்க்கெட் வாசல் வரை சிரித்துக்கொண்டே வந்தீர்.

அது மழை மேகம் இல்லை என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. சரோஜினி நகரில் உம் மனைவிக்கு மத்திய அரசு கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில், ஞாயிற்றுக்கிழமைகளில், கீழே துணிக்கடைக்காரர்களின் கூச்சல் ஜன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருக்க, நீர் எனக்கு விளக்குவீர். விண்மீன்களுக்கு நடுவில் இருக்கும் கடுங்குளிர் மேகங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்று அறுபது டிகிரி. விண்மீன்கள் பிறப்பது அவற்றுக்குள்தான். அவற்றில் பெரும்பகுதி ஹைட்ரஜன். ஆனால் அந்தக் குளிரில் ஹைட்ரஜன் எந்தச் சமிக்ஞையும் தருவதில்லை. அதோடு கலந்து மிகக் கொஞ்சமாகக் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அது மட்டும் ரேடியோ அலையை வெளிவிடும். அதைப் பிடித்துத்தான் மேகம் எங்கே இருக்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது, எவ்வளவு தூரம் என்று பார்க்கிறோம் என்றீர்.

நான் அறிந்த கார்பன் மோனாக்சைடு வேறு. ஒவ்வொரு ஜனவரியிலும் மூடிய அறைக்குள் அங்கீட்டி அடுப்பில் கரி மூட்டிவிட்டுத் தூங்கி எழுந்திருக்காமல் போனவர்களைப் பற்றி இரண்டு பத்தி எழுதுவேன். அதைச் சொன்னேன். நீர் கேட்டுக்கொண்டீர். பிறகு, “ஹைட்ரஜன் பெரிய மந்திரி மாதிரி வாயே தொறக்க மாட்டான். கூட இருக்கவன்தான் தகவல் சொல்லணும். உமக்கு சோர்ஸ் இருக்கது மாதிரி எங்களுக்கும் உண்டுவே” என்றீர். சமையலறையிலிருந்து உம் மனைவி, “அண்ணாச்சி சோர்ஸுக்காவது பேரு வெளிய வராது. நீங்க ஒங்க சோர்ஸ ஊரெல்லாம் சொல்லுதியளே” என்று குரல் கொடுத்தது. மூவரும் சிரித்தோம்.

உம் தொலைநோக்கி தில்லியில் இல்லை. காற்றில் ஈரமே இல்லாத ஒரு வெளிநாட்டு மேட்டு நிலத்தில் இருந்தது. நீர் பல்கலைக்கழகத்தின் இரண்டாம் மாடி அறையில் உட்கார்ந்து இரண்டு திரைகளின் வழியாக அதைத் திருப்புவீர். ரேடியோவுக்குப் பகலும் ஒன்றுதான் இரவும் ஒன்றுதான் என்பதால் பத்து மணிக்கு டிபன் பாக்ஸோடு போய் ஆறு மணிக்குத் திரும்பும் வானியலாளர் நீர். பால்வீதியின் நடுப்பட்டையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து, ஒவ்வொரு கட்டமாக அளந்துகொண்டிருந்தீர்கள். உம் பங்கு ஓர் ஓரத்துப் பட்டை. அதன் வரைபடத்தை வெளியிடும் பொறுப்பும் உமக்கே என்று முடிவாகியிருந்தது. அதை நீர் எனக்குச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் கேசரி கிண்டச் சொன்னீர்.

நமக்குள் ஒரு பழக்கம் இருந்தது. விஞ்ஞானம் சம்பந்தப்பட்ட எந்தச் செய்தியானாலும், சென்னைக்கு அனுப்பும் முன் உமக்குப் போனில் வாசித்துக் காட்டுவேன். நீர் நடு நடுவே நிறுத்துவீர். நான் ‘படம் பிடித்தது’ என்று எழுதியிருந்தால், “நாங்க எங்க பிடிச்சோம்? கேட்டோம்னு எழுதும்” என்பீர். ‘புரட்சிகரமான’ என்று வந்தால் அடித்தே ஆக வேண்டும். ஆறு ஆண்டில் அப்படி உம் காதைத் தாண்டாமல் ஒரு விஞ்ஞானச் செய்தியும் போனதில்லை. ஒன்றைத் தவிர.

அது ஒரு டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை. சாயங்காலம் நாலரை மணிக்கு உம் அறைக்கு வந்தேன், வேறு ஏதோ சந்தேகம் கேட்க. நீர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர். உட்காரும் என்றுகூடச் சொல்லவில்லை.

என்ன நடந்தது என்பதை நீர் ஐ.என்.ஏ. மார்க்கெட் தராசை வைத்து விளக்கினீர். தொலைநோக்கியை மேகத்தின் பக்கம் திருப்பினால், காற்றின் இரைச்சல், கருவியின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து விழும். மேகத்தினுடையது அதில் ஒரு துளி. ஆகவே பட்டைக்கு வெளியே, மேகமே இல்லாத காலி இடம் ஒன்றைப் பார்த்து, அந்த இரைச்சலை இதிலிருந்து கழிக்க வேண்டும். கடைக்காரர் எண்ணெய் நிறுக்கும் முன் வெறும் பாத்திரத்தின் எடையைக் கழிப்பதுபோல. “காலிப் பாத்திரம்னு நெனச்சி வச்சிருக்கேன். அதுல ஒரு கரண்டி எண்ணெ இருந்திருக்கு. அதனால நிறுத்ததெல்லாம் ஒரு கரண்டி கொறச்சலு” என்றீர்.

காலி என்று நம்பிய அந்த இடத்தில் மெல்லிய மேகம் ஒன்று இருந்திருக்கிறது. பழைய, மங்கலான வரைபடத்தில் அது தெரியவில்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் நீர். உம் பட்டையில் பத்துப் பன்னிரண்டு கட்டங்கள் அந்த இடத்தை வைத்தே கழிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும், அந்த மெல்லிய மேகத்தின் வேகத்துக்குரிய சமிக்ஞையில், ஒரு பள்ளம். திரையில் கைவைத்துக் காட்டினீர். ஆரஞ்சுப் புகைக்கு நடுவில் கறுப்பாக ஒரு செவ்வகம். அதன் ஓரம் சுவர்போல நேராக இருந்தது. “மேகத்துக்கு நேர் விளிம்பு கெடையாது. மனுசன் பண்ணுத தப்புக்குத்தான் நேர் விளிம்பு” என்றீர்.

இதைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்டேன். முடியும், எளிது என்றீர். அந்த இடத்தையே இன்னும் தூரத்தில் உள்ள நிஜமான காலி இடத்தோடு வைத்து அளந்து, குறைந்ததைத் திரும்பக் கூட்டிவிடலாம். மூன்று வாரம் போதும். எந்த ஆய்விலும் நடப்பதுதான். உம்மைத் தவிர இன்னும் யாரும் அதைக் கவனிக்கவில்லை. திங்கட்கிழமை காலை குழுக் கூட்டத்தில் சொல்லப் போவதாகச் சொன்னீர்.

பிறகு என் முகத்தைப் பார்த்தீர். நான் செய்தியாளன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல.

“இது நம்மளுக்குள்ள. திங்கக்கெழம வரைக்கும். என் தப்ப நான்தான் என் வாயால சொல்லணும்வே.”

சரி என்றேன். உம் மேசையில் இருந்த தேநீரை இருவரும் பாதிப் பாதியாகக் குடித்தோம்.

சனிக்கிழமையைப் பற்றித் துல்லியமாக எழுத வேண்டும். நான்கு மாதமாக முதல் பக்கத்தில் என் பெயர் வரவில்லை. தில்லி அலுவலகத்திலிருந்து செய்தி ஏஜென்சிக்காரர்கள் தராத எதையாவது தருகிறீர்களா என்று அந்த வாரம்தான் ஆசிரியர் கேட்டிருந்தார். பிற்பகல் மூன்று மணிக்கு டெஸ்க்கை அழைத்து, பெரிய ஆய்வு ஒன்றில் பிழை, வேறு யாரிடமும் இல்லை என்றேன். முதல் பக்கத்தில் எட்டுப் பத்திக்கு இடம் போடுகிறோம், ஒன்றுகூடக் கூடாது, பக்கத்திலேயே விளம்பரம் என்றார்கள். எட்டு என்று குறித்துக்கொண்டேன்.

ஒன்பது எழுதினேன்.

இதழ் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இடத்தைவிட எழுத்து கூடினால் டெஸ்க் கீழிருந்து வெட்டும். என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வெட்ட அவர்களுக்கு நேரம் இருக்காது. அதனால்தான் விபத்துச் செய்தியில் இறந்தவர்களை மேலே வைப்போம், அந்தச் சாலை எந்த ஆண்டு போடப்பட்டது என்பதைக் கீழே வைப்போம். எட்டுக்கு ஒன்பது எழுதுகிற செய்தியாளன் ஒன்பதாவதைக் கொல்லக் கொடுக்கிறான். இது எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் நம்புவதற்கு எங்கள் தொழிலில் ஒருவர்கூட இல்லை.

முதல் பத்தியில் ‘பெரும் பிழை’ என்று எழுதினேன். ‘பெரும்’ என்னுடையது. இதைச் சரிசெய்துவிடலாம், இது வழக்கமாக நேர்வதுதான், கண்டுபிடித்ததே தேர்ந்தெடுத்தவர்தான் என்பதெல்லாம் ஒன்பதாவதில். அதை மேலே கொண்டுவந்திருந்தால் அது முதல் பக்கச் செய்தி இல்லை. செய்தியே இல்லை. உம் பெயரைப் போடவில்லை, ‘தில்லி விஞ்ஞானி’ என்றுதான் எழுதினேன் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தக் குழுவில் தில்லியில் இருந்தவர் நீர் ஒருவர்தான் என்பதும் எனக்குத் தெரியும்.

நாலு மணிக்கு எழுதி முடித்தேன். அனுப்ப வேண்டிய நேரம் ஆறு. இரண்டு மணி நேரம் போன் மேசைமேல் இருந்தது. வாசித்துக் காட்டினால் வேண்டாம் என்பீர். அதனால்தான் வாசித்துக் காட்டவில்லை. நேரமில்லை என்று பிறகு உம்மிடம் சொன்னதும் பொய்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் வந்தது, இணையத்திலும். தலைப்பு டெஸ்க் வைத்தது. ‘பால்வீதி வரைபடத்தில் ஓட்டை, தில்லி விஞ்ஞானி ஒப்புதல்.’ பத்தே முக்காலுக்கு நீர் அழைத்தீர். உம் குரலில் கோபம் இல்லை. எதையோ தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருப்பவரின் குரல்.

“சரி பண்ணிரலாம்னு நான் சொன்னேன்லா. அத எழுதலையா?”

“எழுதினேன். கடேசிப் பத்தி. டெஸ்க் வெட்டிட்டான்.”

“அச்சா. அப்பம் உம்மச் சொல்லிக் குத்தமில்ல” என்றீர்.

திங்கட்கிழமை நடந்ததை நீர் பல மாதம் கழித்து, அதுவும் நான் கேட்டதால், இரண்டு வாக்கியத்தில் சொன்னீர். காலையில் ஓர் ஆங்கில நாளிதழ் என் செய்தியை எடுத்துப் போட்டிருந்தது. நீர் பேச எழுந்தபோது குழுத் தலைவர் கையில் அதன் பிரதி இருந்தது. எங்களிடம் சொல்லும் முன் பத்திரிகையிடம் சொன்னீர்களா என்று கேட்டார். ஆம் என்றீர். அவ்வளவுதான். நண்பர் ஒருவரிடம் என்றோ, திங்கள் வரை பொறுக்கச் சொன்னேன் என்றோ நீர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாக்குத் தவறியவன் என்று என் பெயர் வந்திருக்கும்.

வரைபடம் வெளியிடும் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. சரிசெய்யும் வேலை மட்டும் உம்மிடம் விடப்பட்டது. மூன்று வாரம், அதே டிபன் பாக்ஸ், அதே பத்து மணி. நீர் குறைந்ததைக் கூட்டினீர். அந்தக் கறுப்புச் செவ்வகம் கரைந்து, உள்ளே இருந்த மேகம் மேகத்தின் விளிம்போடு வெளியே வந்தது. அதை அறிவித்த மேடையில் நீர் இல்லை. கட்டுரையில் அகர வரிசையில் நாற்பது பெயருக்கு நடுவில் இருந்தீர். உம் பிழையால் அல்ல. பிழையை முதலில் அறிந்தவர் நீர். அதைச் சொல்லத் தயாராக இருந்தீர். சொல்லும் இடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகு நீர் என்னை விட்டு விலகியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அடுத்த பொங்கலுக்கு ஒரு கிலோ சிறுகிழங்கோடு என் வீட்டுக்கு வந்தீர். அதற்கடுத்த பொங்கலுக்கும். பத்திரிகைக்காரனிடம் வாயைத் திறந்தது என் தப்பு என்று நீரே சொல்லிச் சிரிப்பீர். உம் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு என்னை அறிமுகப்படுத்தினீரே, அது நினைவிருக்கிறது. “இவரு என்னப் பத்தி ஒரே ஒரு தடவ எழுதினாரு. அதுல நல்லதையெல்லாம் டெஸ்க் வெட்டிட்டான்” என்றீர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாப்பாட்டுப் பந்தியில் உம் பக்கத்திலேயே உட்கார்ந்து பாயசம் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

ஒரே ஒரு முறை சொல்லப் பார்த்தேன். நான் ஓய்வு பெற்ற மாதம். சாணக்யபுரியில் நம் மாநில விருந்தினர் இல்லத்துக் கேன்டீனில் சாப்பிடப் போயிருந்தோம். அந்த டிசம்பர்ச் செய்தி இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். நீர் கையைக் கழுவிவிட்டு வருவதாகப் போனீர். திரும்பி வந்து, என்னமோ சொல்ல வந்தீரே என்று கேட்டீர். ஒன்றுமில்லை என்றேன். நீர் போய் வந்தது இரண்டு நிமிடம்கூட இராது. எனக்குள் இருந்த தைரியம் அந்த அளவுதான்.

கடைசியாக உம்மைப் பார்க்க வந்தபோது, “உமக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், பொறவு தாரேன்” என்றீர். இப்போது வந்து சேர்ந்தது அதுதான். திருத்திய வரைபடம். பட்டைக்கு வெளியே, ஓரத்தில், காலி என்று நம்பி ஏமாந்த இடத்தை உம் பென்சில் வட்டமிட்டிருந்தது. அதற்குள் கறையளவு மங்கலான மேகம். பக்கத்தில் அதன் பட்டியல் எண். பட்டியலில் அது இப்போது ஒரு மேகம்.

தாளை முழுக்க விரித்தபோது உள்ளிருந்து ஒரு நாளிதழ்த் துண்டு விழுந்தது. என் செய்தி. எட்டுப் பத்தி. எட்டாவதற்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, அதில் பென்சிலில், எங்கள் இதழின் நடையில், ஒன்பதாவது பத்தியை நீரே எழுதியிருந்தீர்.

‘இது கருவியின் பிழையல்ல. ஒப்பிடுவதற்காகத் தேர்ந்தெடுத்த இடத்தில் மெல்லிய மேகம் இருந்ததே காரணம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரே இதைக் கண்டறிந்துள்ளார். குறைந்தது திரும்பக் கூட்டப்பட்டு வரைபடம் முழுமை பெறும்.’

அதற்கும் கீழே, சிறிய எழுத்தில், ‘டெஸ்க் வெட்டியது.’

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். என் பொய் உம் கையெழுத்தில் இருந்தது.

அன்று மாலை உம் மகள் அழைத்தாள். சரோஜினி நகரில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், படிக்க வராது. “அங்கிள், டியூப் மில் கயா நா, வந்துச்சுல்ல? உள்ள ஒரு பேப்பர் கட்டிங் இருந்துச்சு. அப்பா பென்சில்ல ஏதோ எழுதியிருக்கார். என்ன அது?” என்று கேட்டாள். பழைய செய்தி அம்மா, அப்பாவோட ஆய்வைப் பற்றி, அவர் கொஞ்சம் குறிப்பு எழுதியிருக்கிறார் என்றேன். “அச்சா, ஸ்வீட்” என்றாள். போனை வைத்த பிறகுதான், உம் வீட்டில் இன்னொருவரிடமும் உண்மையை வெட்டிச் சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. அவளால் படிக்க முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. அதற்குத்தான் அதிகம் வெட்கப்பட்டேன்.

வியாழக்கிழமை தில்லிப் புறநகரான துவாரகாவுக்குப் போனேன். உம் மனைவி இப்போது மகள் வீட்டில்தான் இருக்கிறது. நாளிதழ்த் துண்டை மேசைமேல் வைத்து, எட்டு, ஒன்பது, இரண்டு மணி நேரம், போன், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மகளும் உட்கார்ந்து கேட்டாள். சில சொல் புரியாதபோது அம்மாவைப் பார்த்தாள். அம்மா இந்தியில் சொல்லிக்கொடுத்தது. என் வாக்குமூலத்தை அப்படி மொழிபெயர்ப்போடு இரண்டு முறை கேட்டேன்.

உம் மனைவி துண்டை எடுத்துத் தள்ளிப் பிடித்துப் படித்தது. பென்சில் பத்தியில் வெகு நேரம் நின்றது.

“நீங்க எழுதினதும் இப்பிடித்தான் இருந்துச்சா அண்ணாச்சி?”

ஏறக்குறைய, ஆனால் இவ்வளவு நன்றாக இல்லை என்றேன்.

“அவுகளுக்கு டெஸ்க்குன்னா ஏதோ ஒரு ஆளுன்னு நெனப்பு. பேப்பரப் பிரிச்சா அவனத் திட்டுவாக. அந்த டெஸ்க்கு வெளங்கவே மாட்டான்னு. பதினாலு வருசம்.” சொல்லும்போது உம் மனைவியின் வாயோரத்தில் சிரிப்பு வந்து, நடுவிலேயே நின்றுபோனது.

மன்னிப்பு என்ற சொல்லை நான் ஆரம்பித்தேன். உம் மனைவி துண்டை என் பக்கம் தள்ளியது.

“அத நான் சொல்ல முடியாதுல்லா. அவுகதான் சொல்லணும்.”

மகள் எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், கொண்டுவந்தவள் உட்காரவில்லை. உம் மாணவர்கள் உமக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். அதில் நான் எழுத வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார்களாம். இனி வேண்டாம் என்று நினைத்தால் எனக்குச் சம்மதம் என்றேன்.

“எழுதுங்க” என்றது உம் மனைவி. “இதையும் எழுதுங்க. கடேசில இல்ல, மேல எழுதுங்க.”

எழுதிவிட்டேன். தமிழ் படிக்கத் தெரியாத உம் மகளுக்கு அம்மா வாசித்துக் காட்டும். அனுப்பும் முன் ஒரு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தேன், பழைய வழக்கப்படி. நிறுத்தச் சொல்ல மறுமுனையில் யாரும் இல்லை. ‘பெரும்’ என்று எங்கேனும் தேவையில்லாமல் போட்டிருக்கிறேனா என்று நானே தேடினேன்.

வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து திங்கட்கிழமை காலை வரை. நீர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். உம் பிழையை உம் வாயால் சொல்ல இரண்டு நாள். நான் விடவில்லை. என் பிழையை என் வாயால் சொல்ல எனக்குப் பதினான்கு ஆண்டு இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் நீர் என் எதிரில் வந்து உட்கார்ந்தீர்.